வீட்டுத் தோட்டத்தில் தேனீப்பெட்டி: ஆண்டு முழுக்க வரும் கேள்விகள்

அருமனைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏழு தேனீப்பெட்டிகள் இருக்கின்றன. பள்ளியில் பாடம் எடுப்பது போக மிஞ்சும் நேரத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். இது பதினோராவது ஆண்டு. மாணவர்களின் பெற்றோர், ரப்பர் பால்வெட்ட வருகிறவர்கள், என்னிடமிருந்து கூட்டம் பிரித்து வாங்கிப் போனவர்கள் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் சொல்லும் மாதக்கணக்கு குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு, அதாவது ரப்பரும் தென்னையும் வாழையும் உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். உங்கள் ஊரில் மழையும் பூவும் வேறு மாதத்தில் வந்தால், கணக்கை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

டீச்சர், எந்தத் தேனீயை வளர்க்கணும்? எல்லாத் தேனீயும் பெட்டியில இருக்குமா?

இருக்காது. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெளிச்சத்தில் ஒரே ஒரு அடை கட்டி வாழ்பவை. பெட்டிக்குள் வைத்தால் தங்காது. அடுக்குத்தேனீ என்று நாம் சொல்லும் இந்தியத் தேனீ மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் இருட்டில் பல அடைகளை வரிசையாகக் கட்டும். பெட்டி என்பது அந்தப் பொந்துக்கு நாம் கொடுக்கும் மாற்று. இத்தாலியத் தேனீயும் பெட்டிக்கு வரும், அதிகத் தேனும் தரும். ஆனால் பூவைத் தேடிப் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும், உண்ணிக்கு மருந்தும் பார்க்க வேண்டும். கொடுக்கு இல்லாத கொசுத்தேனீயைச் சின்னப் பெட்டியிலோ மூங்கிலிலோ வளர்க்கலாம். அதன் தேன் மிகக் கொஞ்சம், வளர்ப்பு முறையும் வேறு.

வீட்டோடு வைத்துப் பழகுகிறவருக்கு அடுக்குத்தேனீதான் ஏற்றது. கீழே வருவதெல்லாம் அதைப் பற்றியதுதான்.

ஒரு பெட்டி வச்சுப் பார்த்துட்டு அப்புறம் கூட்டலாம்னு நினைக்கிறேன். சரிதானே?

இரண்டில் தொடங்குங்கள். ஒரே பெட்டி இருந்தால் அது நன்றாக இருக்கிறதா நலிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது. அதைவிட முக்கியமான காரணம், ஒரு கூட்டத்தில் ராணி செத்துவிட்டால் மற்றதிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை, அதாவது அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தை, எடுத்து வைத்துக் காப்பாற்றிவிடலாம். அந்த முட்டையிலிருந்து தேனீக்கள் புது ராணியை வளர்த்துக்கொள்ளும். கீழே பல கேள்விகளுக்கு மருந்து இந்த ஒரு சட்டம்தான்.

நியூட்டன் பெட்டி, மார்த்தாண்டம் பெட்டி, ஐ.எஸ்.ஐ. பெட்டின்னு சொல்றாங்க. எதை வாங்க?

திருச்சிப் பக்கத்தில் 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்த பாதிரியார் நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். அதுதான் நியூட்டன் பெட்டி. முட்டையும் புழுவும் வளரும் கீழ்ப்பகுதியான புழு அறையில் ஏழு சட்டம் இருக்கும். பிறகு 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம மறுமலர்ச்சி வேலை வழியாகத் தேனீ வளர்ப்பு எங்கள் ஊர்களில் வீட்டு வேலையாகவே பரவியது. மார்த்தாண்டம் பெட்டி என்ற பெயர் அந்த வழியில் வந்தது. ஐ.எஸ்.ஐ. பெட்டி என்பது இந்தியத் தர நிர்ணய அளவுப்படி செய்தது.

எந்தப் பெட்டியானாலும் அடிப்படை ஒன்றுதான். அடைக்கும் அடைக்கும் நடுவில் தேனீ நடமாட ஒரு சிறு இடைவெளி வேண்டும். நம் தேனீக்கு அது 7 முதல் 9 மில்லிமீட்டர். அதற்குமேல் விட்டால் குறுக்கே அடை கட்டி ஒட்டிவிடும். குறைந்தால் போக்குவரத்து நின்றுவிடும். ஆகவே தச்சர் கண்ணளவில் அடித்த பெட்டியை வாங்காதீர்கள். பக்கத்தில் உங்களுக்குக் கூட்டம் கொடுக்கப் போகிறவர் எந்த அளவை வைத்திருக்கிறாரோ அதையே நீங்களும் வாங்குங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே அளவாக இருந்தால்தான் சட்டத்தை இங்கிருந்து அங்கே மாற்ற முடியும். நான் முதலில் இரண்டு அளவில் வாங்கிவிட்டேன். அவசரத்துக்கு ஒரு சட்டம் மாற்ற முடியாமல் ஒரு நல்ல கூட்டம் போனது.

பெட்டியை எங்கே வைக்கணும்?

காலை வெயில் வாசலில் படவேண்டும், உச்சி வெயில் கூரையில் படக்கூடாது. கிழக்கு பார்த்து, மரநிழலில் வையுங்கள். தேங்காயோ மட்டையோ விழும் இடம் ஆகாது. தாழ்வான இடத்தில் மழைநீர் தேங்கும், ஈரம் உள்ளே ஏறும். பெட்டிக்குப் பெட்டி ஆறடியாவது விடுங்கள். வாசலுக்கு முன்னால் ஆள் நடக்கும் பாதை இருக்கவேண்டாம்.

ஒற்றைக்கால் தாங்கியில் வைத்து, காலைச் சுற்றி நீர்க் கிண்ணம் மாட்டினால் எறும்பு ஏறாது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்க்கவேண்டும். பெட்டியைத் தொடும் செடி, கொடி, புல் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். எறும்புக்கு ஒரு இலை போதும், பாலம் ஆகிவிடும். பக்கத்தில் ஓர் அகலச் சட்டியில் கல் போட்டு நீர் வைத்தால், பக்கத்து வீட்டுக் குழாயடியில் தேனீ மொய்த்து வரும் சண்டையும் இருக்காது.

கூட்டம் எங்கேருந்து கிடைக்கும்?

இரண்டு வழி. ஒன்று, கூட்டம் பிரியும் மாதங்களில், அதாவது அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை, உள்ளே தேன்மெழுகு தடவிய மண்பானையை மரக்கிளையில் கவிழ்த்துக் கட்டிவைப்பது. இடம் தேடி வரும் கூட்டம் குடியேறினால், சில நாள் அடை கட்டவிட்டு, அந்த அடைகளை அறுத்து வாழைநாரால் சட்டத்தில் கட்டி, பெட்டிக்கு மாற்றலாம். எங்கள் ஊரில் பழைய ஆட்கள் இதைத்தான் செய்தார்கள்.

இரண்டாவது, வளர்ப்பவரிடம் விலைக்கு வாங்குவது. வாங்கும்போது பெட்டியில் எத்தனை தேனீ மொய்க்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சட்டத்தைத் தூக்கச் சொல்லி, கண்ணறைகளின் அடியில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை நூல் துணுக்குப் போல, ஒரு கண்ணறைக்கு ஒன்றே ஒன்று இருக்கவேண்டும். மூடிய புழு அடை இடைவெளி இல்லாமல் பரவியிருந்தால் ராணி நல்ல ராணி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையில் தேனீ வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகிறார்கள். வாங்குவதற்கு முன் அங்கே போய் சட்டத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

பிள்ளைங்க ஓடியாடுற வீடு. கொட்டாதா?

கொட்டும். கொட்டாது என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். ஆனால் வாசலை மறைக்காமல், பெட்டியைத் தட்டாமல், வேர்வையோடும் வாசனைத் தைலத்தோடும் பக்கம் போகாமல் இருந்தால் அடுக்குத்தேனீ தேடி வந்து கொட்டாது. பெட்டியைத் திறக்கும்போது முகவலை போட்டு, புகையூட்டியில் தென்னம் பஞ்சோ காய்ந்த சகிரியோ (தேங்காய் மட்டை நார்) எரித்து இரண்டு மூன்று ஊது ஊதினால் போதும். புகை பட்டதும் தேனீ உள்ளே போய் வயிறு நிறையத் தேன் குடிக்கும், கோபம் அடங்கும். நிறையப் புகை போட்டால் தேனில் வாசம் ஏறும்.

கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், அதனோடு ஒட்டிய நச்சுப்பை மேலும் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். நகத்தாலோ எதனாலோ உடனே எடுத்துவிடவேண்டும். வீக்கம், அரிப்பு எல்லாருக்கும் வரும். ஆனால் மூச்சு முட்டல், உதடும் நாக்கும் வீங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருக்கக்கூடாது. அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி வந்திருந்தால், பெட்டி வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

எத்தனை நாளைக்கு ஒருதடவை திறந்து பார்க்கணும்? ராணியைக் கண்டுபிடிக்கவே முடியலையே?

ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். முட்டை மூன்று நாளில் புழுவாகும். ஆகவே முட்டை கண்ணில் பட்டால் மூன்று நாளைக்கு முன்வரை ராணி உள்ளே இருந்தது என்று அர்த்தம். அது போதும், பெட்டியை மூடுங்கள். வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து வெளியே வர ஏறத்தாழ 19, 20 நாள், ராணிக்கு 15, 16 நாள், ஆண் தேனீக்கு 24 நாள் ஆகும். இந்த மூன்று எண்களையும் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதிவையுங்கள். பிரித்த கூட்டத்தில் எப்போது என்ன நடக்கும் என்பதெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

பூக்காலத்தில் பத்து நாளைக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் மழை விட்ட வெயில் நேரத்தில், ஐந்து நிமிடத்துக்குள். அடிக்கடி திறப்பதே தேனீயை விரட்டும். வாசலில் உட்கார்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். காலில் மகரந்த உருண்டையோடு தேனீ உள்ளே போய்க்கொண்டிருந்தால் உள்ளே புழு வளர்கிறது. வாசலில் தலையை வெளியே நீட்டி இறகடிப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உள்ளே காற்று அனுப்புகிறது. நம் தேனீ விசிறும் முறை அது.

வருஷத்துல எந்த மாசம் என்ன வேலை? மொத்தமா சொல்லுங்க.

எல்லாரும் ஜனவரியில் தொடங்கிச் சொல்வார்கள், ஏனென்றால் அப்போதுதான் தேன். நான் ஜூனில் தொடங்குகிறேன். எங்கள் பக்கத்தில் இடவப்பாதி என்று சொல்லும் மழை இறங்கியதும் தேனீ வெளியே போகமுடியாது, போனாலும் பூ இல்லை. செப்டம்பர் வரை நான்கு மாதம் பஞ்சம். பெட்டி வைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் கூட்டத்தை இழப்பது இந்த மாதங்களில்தான். ஏப்ரலில் தேனெடுத்த கையோடு பெட்டியை மறந்துவிட்டு, அக்டோபரில் திறந்தால் காலிப் பெட்டி. இந்தக் காலத்தில் ராணி முட்டையைக் குறைத்துவிடும். தேனீ மொய்க்காத அடைகளை எடுத்துவிடுங்கள், மேலே தேன் சேர்க்க வைத்த தேன் அறையைக் கழற்றி புழு அறையை மட்டும் விடுங்கள், வாசலைச் சுருக்குங்கள், கூரைக்கு ஒழுகாத தகடு போடுங்கள், பாகு கொடுங்கள். அடித்தட்டை வாரம் ஒருமுறை வழித்துத் துடையுங்கள்.

அக்டோபரில் துலாமழை (வடகிழக்குப் பருவமழை) இடைவெளிகளில் களைச்செடிகள் பூக்கும், தும்பை பூக்கும். தென்னையில் ஆண்டு முழுக்க மகரந்தம் உண்டு. ராணி மறுபடி சுறுசுறுப்பாகும். நவம்பர், டிசம்பர் கூட்டம் பெருகும் காலம். புது அடை கட்ட வெற்றுச் சட்டம் கொடுக்கவேண்டும், பிரிப்பதானால் இப்போதுதான் பிரிக்கவேண்டும். ஜனவரி கடைசியில் ரப்பர் தளிர்க்கும். பிப்ரவரி, மார்ச் தேன் வரத்து. ஏப்ரலில் தணியும். மே மாதம் வெயிலுக்கு நிழலும் தண்ணீரும் பார்த்து, வரப்போகும் மழைக்குத் தேன் மிச்சம் வைத்து, திரும்ப ஜூன்.

மழைக்காலத்துல சீனிப்பாகு குடுக்கிறது கலப்படம் இல்லையா?

பாகு தேனாக நம் புட்டிக்கு வந்தால் அது கலப்படம்தான். பசியில் கிடக்கும் கூட்டம் உயிர்வாழக் குடித்துத் தீர்த்தால் அது கலப்படம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு தேதிதான். தேன் அறையை மேலே ஏற்றிய நாளிலிருந்து ஒரு சொட்டுப் பாகும் கொடுக்கக்கூடாது. நான் டிசம்பர் பாதியில் நிறுத்திவிடுவேன்.

ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர். கொதித்த நீரில் சீனியைக் கரைத்து முழுக்க ஆறவிட்டு, சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) ஊற்றி, தேனீ முங்கிச் சாகாமல் இருக்கச் சிறு குச்சிகள் மிதக்கவிட்டு, பெட்டிக்குள் வையுங்கள். நான் ஒரு பெட்டிக்கு ஒரு தடவைக்கு ஒரு டம்ளர் அளவு, வாரம் இரண்டு தடவை கொடுக்கிறேன். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில், இருட்டும் நேரத்தில் கொடுங்கள். பகலில் கொடுத்தாலோ வெளியே சிந்தினாலோ பலமுள்ள கூட்டம் பலமில்லாததைக் கொள்ளையடிக்கும். ஒருமுறை தொடங்கிய கொள்ளை அன்றைக்கு நிற்காது.

சீனி எதுக்கு, கருப்பட்டி குடுக்கலாமே? அதுதானே நல்லது?

நமக்கு நல்லது, தேனீக்கு இல்லை. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் உள்ள உப்புச்சத்தும் கசடும் தேனீக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். மழையில் வெளியே போகமுடியாமல் உள்ளேயே கழிக்கும். வெள்ளைச் சீனி மட்டும் போதும். கடையில் வாங்கிய தேனையும் ஊற்றாதீர்கள், வேறு கூட்டத்தின் நோய் அதன்வழி வரலாம்.

நல்லாத்தான் இருந்தது டீச்சர், ஒருநாள் காலையில பார்த்தா பெட்டி காலி. ஏன் ஓடிப்போச்சு?

ஒருநாளில் ஓடுவதில்லை. நம் தேனீ இடம் பிடிக்காவிட்டால் கூட்டோடு கிளம்பிவிடும் சுபாவம் உள்ளதுதான், ஆனால் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தயாராகும். ராணி முட்டையிடுவதை நிறுத்தும். இருக்கும் புழுக்கள் வளர்ந்து வெளியே வரும்வரை காத்திருக்கும். மகரந்தம் வருவது நிற்கும். சேர்த்த தேனைக் குடித்துத் தீர்க்கும். கடைசிப் புழு வெளிவந்ததும் போய்விடும். முட்டையும் இல்லை, திறந்த புழுவும் இல்லை, ஆனால் ராணி இருக்கிறது என்றால் அதுதான் அறிகுறி.

அந்த நேரத்தில் பார்த்துவிட்டால் தடுக்கலாம். மற்றப் பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, அதிலுள்ள தேனீக்களை அதே பெட்டியில் உதறிவிட்டு, இதில் வையுங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுத் தேனீ போகாது. அன்றே பாகு கொடுங்கள். வாசலில் ராணி வெளியேறாதபடி வாயில் தகடு மாட்டலாம், ஆனால் சில நாளைக்கு மட்டும். பிறகு காரணத்தைத் தேடுங்கள். பசியா, எறும்பா, மெழுகுப் புழுவா, மதிய வெயிலா, அல்லது நீங்கள் தினமும் திறந்து பார்த்ததா?

அடையில நூலாம்படை மாதிரி கட்டியிருக்கு, உள்ளே புழு நெளியுது.

மெழுகு அந்துப்பூச்சியின் புழு. தேனீ மொய்க்காத பழைய கறுத்த அடையில்தான் அது நுழையும். பலமான கூட்டத்தில் தேனீயே அதை இழுத்து வெளியே போட்டுவிடும். ஆகவே இது பெட்டிக்கு வந்த நோய் என்பதைவிட, தேனீயின் எண்ணிக்கைக்கு மேல் அடை கிடக்கிறது என்ற செய்தி. அந்த அடையை வெட்டி எடுத்து உருக்குங்கள், வைத்துப் பார்க்காதீர்கள். அடித்தட்டில் உதிரும் மெழுகுத்தூளில்தான் அது முட்டையிட்டுப் பெருகும். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை துடைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

கூட்டத்தை எப்போ, எப்படிப் பிரிக்கணும்?

ஆறேழு சட்டமும் நிறைந்து, ஆண் தேனீ பறக்கத் தொடங்கி, அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணிக் கூடு தெரியும்போது. எங்களுக்கு அது நவம்பர், டிசம்பர். நீங்கள் பிரிக்காவிட்டால் பழைய ராணி பாதித் தேனீயோடு தானே போய்விடும்.

புதுப் பெட்டியில் மூடிய ராணிக் கூடு உள்ள சட்டம் ஒன்று, புழுவும் முட்டையும் உள்ள சட்டம் இரண்டு, தேன் உள்ள சட்டம் ஒன்று, ஒட்டிய தேனீக்களோடு வையுங்கள். பழைய ராணி எந்தப் பக்கம் போனது என்பதைக் கட்டாயம் பாருங்கள். வெளிவேலைக்குப் போன தேனீ எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பும் என்பதால், பழைய பெட்டியை மூன்றடி ஒரு பக்கமும் புதுப்பெட்டியை மூன்றடி மறுபக்கமும் நகர்த்தி வைத்தால் இரண்டுக்கும் பங்காகும். மூடிய கூட்டிலிருந்து ராணி ஒரு வாரத்துக்குள் வரும். வந்து ஏழெட்டு நாளில் பறந்து கலந்து, மேலும் சில நாளில் முட்டையிடும். மூன்று வாரம் வரை பொறுங்கள். அதற்குள் திறந்து தொந்தரவு செய்து கன்னி ராணியை இழந்தவர்கள் நிறையப் பேர்.

சில கண்ணறை மூடியில நடுவுல ஊசிக்குத்து மாதிரி ஓட்டை. நோயா?

இல்லை. அது ஆண் தேனீயின் கண்ணறை. நம் நாட்டுத் தேனீயில் ஆண் புழுவின் மூடி கூம்பாக, நடுவில் ஒரு சிறு துளையோடு இருக்கும். இயற்கையே அப்படி. கூட்டம் பிரியப் போகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு.

ரப்பர் பூக்கும் முன்னாலேயே பெட்டி தேனால நிறையுதே, எங்கேருந்து வருது?

இலையிலிருந்து. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கும். மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. செம்பு நிறத் தளிர் பச்சையாக மாறும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் கசியும். தோட்டத்துக்குள் காலையில் போய் ஒரு காம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

அந்த நாட்களில் நல்ல மழை பெய்தால் கசிந்த நீர் கழுவிப்போகும். தளிரில் சாம்பல் நோய் வந்து இலை கொட்டினால் அந்த ஆண்டு தேன் வெகுவாகக் குறையும். இன்னொன்று, இலைச்சுரப்பியில் மகரந்தம் கிடையாது. புழு வளர மகரந்தம் வேண்டும். வீட்டைச் சுற்றித் தென்னை, முருங்கை, கொடிரோஜா, புங்கம், நாவல் இருந்தால் ரப்பர் காலத்திலும் கூட்டம் மெலியாது. வெறும் ரப்பர் நடுவில் வைத்தவர்கள் தேன் எடுத்தும் கூட்டத்தை இழப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தேன் எப்போ எடுக்கணும்? எவ்வளவு எடுக்கலாம்?

தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்கு கண்ணறைகளை மெழுகால் மூடியபிறகு. மூடாத தேன் பழுக்காத தேன், நீர் அதிகம், புளித்துவிடும். உணவுத் தரச் சட்டப்படி தேனில் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் நான் முழுக்க மூடும்வரைகூடக் காத்திருப்பேன். மூடியைக் கத்தியால் சீவி, பிழியும் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் அடை உடையாமல் தேன் இறங்கும். வெற்றடையைத் திரும்பக் கொடுத்தால் அதிலேயே மறுபடி நிரப்பும். ஒரு அடை கட்டும் மெழுகுக்காகத் தேனீ எத்தனையோ மடங்கு தேனைச் செலவழிக்கிறது.

புழு அறையிலுள்ள தேனைத் தொடக்கூடாது. ஒரு சட்டம்கூட. ஏப்ரல் கடைசிச் சுற்றில் தேன் அறையிலும் இரண்டு சட்டம் விட்டுவிடுங்கள், மே மாத வெயிலை அது தாங்கும். என் பெட்டிகளில் நல்ல ஆண்டில் பெட்டிக்கு எட்டு முதல் பத்து கிலோ வருகிறது, மோசமான ஆண்டில் மூன்று. விட்டுவைத்த தேன் நட்டமில்லை. அதே தேனுக்கு ஆடியில் சீனி வாங்கவேண்டியதில்லை.

வச்சிருந்த தேன் உறைஞ்சுபோச்சு. கலப்படமா?

உறைவது கலப்படத்தின் அடையாளம் இல்லை. தேனிலுள்ள குளுக்கோசு படிகமாகிறது. ரப்பர் தேன் மற்றதைவிடச் சீக்கிரம் உறையும். புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். அடுப்பில் ஏற்றாதீர்கள். நீரில் சொட்டுவிட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது இவற்றையெல்லாம் வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அந்தச் சோதனைகளில் தேறிவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும், நம் பெட்டித் தேனும்கூட, நாக்கில் தொட்டு வைக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும்.

மார்த்தாண்டம் தேன்னு எழுதி விக்கலாமா?

மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைப் புட்டியில் போட அதற்கான பதிவு வேண்டும். விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதானால் எடுத்த மாதத்தை மட்டும் எழுதி ஒட்டுங்கள்.

புழுவெல்லாம் படகு மாதிரி மல்லாந்து செத்துக் கிடக்கு. என்ன மருந்து?

மருந்து இல்லை. இது தாய்லாந்தின் பெயரால் 'தாய் சாக்புரூடு' என்று சொல்லும் நச்சுயிரி நோய். மூடும் பருவத்துப் புழு மல்லாந்து, தலை மேலே தூக்கி, கண்ணறைக்குள் படகு போலக் கிடக்கும். இடுக்கியால் தூக்கினால் தோல் ஒரு பை போலவும் உள்ளே நீராகவும் இருக்கும். நாற்றம் இருக்காது. 1991, 92இல் இது தென்னிந்தியாவுக்குள் வந்து நாட்டுத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. எங்கள் ஊரில் நூறு பெட்டி வைத்திருந்த வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பிறகு தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பெருகியவைதான் இன்று நம்மிடம் இருப்பவை.

செய்யக்கூடியது, செத்த புழு நிறைந்த அடைகளை எடுத்து எரித்துவிட்டு, இருக்கும் அடைகளில் தேனீ நெருங்கி மொய்க்கும்படி குறைப்பது. ராணியைச் சிறு கூண்டில் இரண்டு வாரம் அடைத்து முட்டையை நிறுத்தினால், நோய் தொற்றப் புதுப் புழு இல்லாமல் தேனீக்கள் கண்ணறைகளைச் சுத்தம் செய்ய அவகாசம் கிடைக்கும். பாகு விடாமல் கொடுங்கள். இந்தப் பெட்டியின் சட்டம், தேன், கத்தி எதையும் மற்றப் பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் சொன்ன சட்டம் மாற்றும் வைத்தியம் இங்கே மட்டும் கூடாது. நோய் வந்து தேறிய கூட்டத்தின் ராணிக் கூடுகளையே அடுத்த ஆண்டு பிரிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துல வாழைக்கு மருந்தடிக்கிறாங்க. என்ன செய்ய?

முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள், ஒரு புட்டித் தேனோடு. சாயங்காலம் தேனீ அடங்கியபின் அடிக்கச் சொன்னால் பலரும் கேட்பார்கள். தூளாகப் போடுவதைவிட நீராகத் தெளிப்பது பரவாயில்லை. அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொன்னால், முந்தின இரவே வாசலைக் கம்பிவலையால் மூடி, மேலே ஈரச்சாக்கு போட்டு, உள்ளே நீர் வைத்து மறுநாள் வரை நிறுத்தலாம். காற்றோட்டம் இல்லாமல் அடைத்தால் சூட்டில் வெந்துவிடும்.

கதண்டு வந்து வாசல்லயே நின்னு பிடிக்குது.

கதண்டு என்னும் பெரிய குளவி மழை முடியும் மாதங்களில் அதிகம் வரும். பலமான கூட்டம் வாசலில் அலை அலையாக உடல் சிலிர்த்து விரட்டும். சில சமயம் கதண்டைப் பந்து போலக் கவிந்து தன் உடல் சூட்டாலேயே கொல்லும். பலமில்லாததற்கு வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சுருக்கிக் கொடுங்கள். காலையில் மட்டையால் அடித்துக் கொல்வதும் பயன் தரும். பஞ்சுருட்டான், கரிச்சான் ஆகிய பறவைகளும் தேனீயைப் பிடிக்கும், ஆனால் அவற்றை நான் ஒன்றும் செய்வதில்லை.

பெட்டியைப் பத்தடி தள்ளி வைக்கணும். ராத்திரி தூக்கி வச்சுடவா?

வைக்காதீர்கள். மறுநாள் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே வந்து, பெட்டியைக் காணாமல் தரையில் மொய்த்துச் சாகும். ஒன்று, நாளைக்கு ஒன்றிரண்டு அடியாக நகர்த்துங்கள். அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு உறவினர் வீட்டில் இரண்டு வாரம் வைத்து, பிறகு புது இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரே கண்ணறையில மூணு நாலு முட்டை இருக்கு. ராணி நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

இல்லை, ராணியே இல்லை என்று அர்த்தம். ராணி போய், புதிது வளர்க்க முட்டையும் இல்லாமல் போனால், வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். ராணி முட்டையை அடியில் நடுவே வைக்கும், இவை சுவரிலும் ஓரத்திலும் கண்டபடி வைக்கும். அவற்றிலிருந்து வருவது எல்லாம் சிறுத்த ஆண் தேனீ. நம் தேனீயில் இந்த நிலை வெகு சீக்கிரம் வந்துவிடும், அதனால்தான் முட்டையைப் பார்க்கச் சொல்லிச் சொல்லி வற்புறுத்துகிறேன்.

தொடக்கத்திலேயே கண்டால், முட்டையுள்ள சட்டத்தை வாரம் ஒன்றாக இரண்டு மூன்று முறை கொடுத்தால் ராணிக் கூடு கட்டக்கூடும். தேனீ குறைந்து போயிருந்தால் அந்த முயற்சியில் நல்ல பெட்டியின் புழுவை வீணாக்காமல், அடுத்துச் சொல்வதுபோலச் சேர்த்துவிடுவது மேல்.

ரெண்டு பெட்டியும் பலமில்லாம இருக்கு. ஒண்ணாச் சேர்க்கலாமா? சண்டை போடாதா?

நேரடியாகக் கொட்டினால் சண்டை போட்டுச் சாகும். இரண்டும் நோயில்லாதவைதானா என்று முதலில் பாருங்கள். இரண்டிலும் ராணி இருந்தால், புழு அடை குறைவாக உள்ளதன் ராணியை முந்தின நாளே எடுத்துவிடவேண்டும். நாளுக்குச் சில அடியாக நகர்த்தி இரண்டு பெட்டியையும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். சாயங்காலம், ராணி உள்ள பெட்டியின் மூடியைத் திறந்து, அதன்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் ஏழெட்டுத் துளை போட்டு, லேசாகப் பாகு தெளித்து, ராணி இல்லாத பெட்டியின் அறையை அடித்தட்டு இல்லாமல் அதன்மேல் ஏற்றி வையுங்கள். இரண்டு பக்கமும் தாளைக் கடித்து உள்ளே வருவதற்குள் வாசனை ஒன்றாகிவிடும்.

இரண்டு மூன்று நாளில் வாசலில் தாள்தூள் உதிர்ந்து கிடக்கும். அதற்குப் பிறகு திறந்து, நல்ல சட்டங்களைக் கீழ் அறையில் அடுக்கி, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஆகஸ்டில் சேர்த்தால் டிசம்பரில் மறுபடி இரண்டாகப் பிரிக்கலாம்.